போதைப் பொருளும் ஒரு தூதரும்

ஒருவன் திருடிவிட்டு அடுத்த மாவட்டத்துக்கு ஓடுகிறான். போலீசார் துரத்திப் போய்ப் பிடிக்கிறார்கள். அடுத்த மாநிலத்துக்கு ஓடினாலும் அங்குள்ள போலீசாரிடம் சொல்லிப் பிடித்துவிடலாம். அவன் வேறு நாட்டுக்கு ஓடிவிட்டால் என்ன செய்வது? நம் போலீசார் அங்கே போய் அவனைத் தொட முடியாது. அந்த நாட்டில் அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும்.

போதைப் பொருள் கடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செடி ஒரு நாட்டில் வளர்கிறது. அதைத் தூளாக்கத் தேவையான வேதிப்பொருள் இன்னொரு நாட்டிலிருந்து வருகிறது. தூள் மூன்றாவது நாட்டின் வழியாகப் போகிறது. விற்பனை நான்காவது நாட்டில் நடக்கிறது. வந்த பணத்தை ஐந்தாவது நாட்டில் பதுக்குகிறார்கள். எந்த நாட்டுப் போலீசும் இந்தச் சங்கிலியைத் தனியாக அறுக்க முடியாது.

ஆகவே நாடுகள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். அந்தப் பேச்சை நடத்துகிறவர்தான் தூதர். தன் நாட்டின் சார்பில் இன்னொரு நாட்டில் தங்கி வேலை செய்பவர் அவர். அவரிடம் லத்தி கிடையாது. துப்பாக்கி கிடையாது. யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. பேசலாம், கேட்கலாம், எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் கடத்தலைத் தடுக்க என்ன செய்துவிட முடியும்? இதற்கு வில்லியம் பிரவுன்பீல்டு என்பவரின் வேலையைப் பார்க்கலாம். இவர் அமெரிக்கர். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். 1979-ல் அமெரிக்க வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து சிலி, வெனிசுலா, கொலம்பியா ஆகிய மூன்று நாடுகளில் அமெரிக்கத் தூதராக இருந்தார். மூன்றும் தென் அமெரிக்க நாடுகள். பிறகு 2011 முதல் 2017 வரை அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஒரு பிரிவுக்குத் தலைமை வகித்தார். உலக அளவில் போதைப் பொருள் தடுப்பையும் சட்டம் ஒழுங்கு உதவியையும் கவனிக்கும் பிரிவு அது.

பேச்சு முறிந்தபோது

அவர் 2004-ல் வெனிசுலாவுக்குத் தூதராகப் போனார். அப்போது அங்கே ஹியூகோ சாவேஸ் அதிபராக இருந்தார். அவருக்கும் அமெரிக்க அரசுக்கும் ஆகாது. 2005 ஆகஸ்டில் அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரிகளோடு சேர்ந்து வேலை செய்வதை வெனிசுலா நிறுத்தியது. அவர்கள் தன் நாட்டில் வேவு பார்க்கிறார்கள் என்று சாவேஸ் சொன்னார். அமெரிக்கா அதை மறுத்தது. அடுத்த மாதமே, போதைத் தடுப்பில் தவறிய நாடு என்று அமெரிக்கா வெனிசுலாவைப் பட்டியலில் சேர்த்தது.

இதனால் யாருக்கு லாபம்? கடத்துகிறவர்களுக்குத்தான். இரண்டு வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளாவிட்டால் நடுச்சந்தில் திருடனுக்கு வசதி.

2006 ஏப்ரலில் பிரவுன்பீல்டு தலைநகர் கராகசில் ஏழைகள் வாழும் ஒரு பகுதிக்குப் போனார். அங்குள்ள சிறுவர்களுக்குப் பேஸ்பால் விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தார். அங்கே கூடியவர்கள் அவர் கார் மீது முட்டையும் பழமும் வீசினார்கள். மோட்டார் சைக்கிள்களில் நெடுந்தூரம் துரத்தினார்கள். அவரை நாட்டை விட்டு வெளியேற்றுவேன் என்று சாவேஸ் எச்சரித்தார். பிரவுன்பீல்டு அடுத்த ஆண்டு வரை அங்கேயே இருந்தார். முட்டை விழுந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு வர முடியாத வேலை அது.

கோகா வயல்

2007-ல் அவர் பக்கத்து நாடான கொலம்பியாவுக்குத் தூதரானார். உலகிலேயே கோகா செடி மிக அதிகமாக வளரும் நாடு கொலம்பியா. கோகா என்பது ஒரு புதர்ச்செடி. சாக்லேட் செய்யப் பயன்படும் கோகோ வேறு, இது வேறு.

தென் அமெரிக்க மலைவாழ் மக்கள் பன்னெடுங்காலமாகக் கோகா இலையை மென்று வருகிறார்கள். நம் ஊரில் வெற்றிலை போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியும் களைப்பும் தெரியாது. மலை உயரத்தில் மூச்சு வாங்குவதும் குறையும். இலையை மெல்வது வேறு. அதிலிருந்து கோகெய்ன் தூள் எடுப்பது வேறு. ஒரு கிலோ தூளுக்குப் பல நூறு கிலோ இலை வேண்டும். இலையைத் தூளாக்கும்போது சிமெண்டும் பெட்ரோலும்கூடச் சேர்க்கிறார்கள். அதை மூக்கில் இழுக்கிறவருக்கு அது தெரிவதில்லை.

கோகா பயிரிடுகிறவர் யார்? பெரும்பாலும் சிறு விவசாயி. காட்டை ஒட்டி ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பார். அவர் ஊருக்குச் சரியான சாலை இல்லை. வாழையோ மரவள்ளியோ போட்டால் சந்தைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். வண்டிக் கூலிக்கே விற்ற காசு போய்விடும். கோகாவை ஆண்டுக்குப் பல முறை பறிக்கலாம். வாங்குகிறவன் வீடு தேடி வருவான். அவன் கையில் துப்பாக்கியும் இருக்கும். "இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல. நகரத்தில் தூள் விற்கும் விலையில் மிகச் சிறு பங்குதான் இவருக்குக் கிடைக்கிறது.

அந்தத் துப்பாக்கிக்காரர்கள் யார்? ஒரு பக்கம் பார்க் என்று அழைக்கப்பட்ட கிளர்ச்சிப் படை. பல ஆண்டுகளாக அரசை எதிர்த்துப் போரிட்டு வந்தது. இன்னொரு பக்கம் அதற்கு எதிராகக் கிளம்பிய தனியார் ஆயுதக் குழுக்கள். இரண்டு பக்கமும் கோகாவில் வரி வசூலித்தன. போரும் போதையும் ஒன்றையொன்று வளர்த்தன.

இதை ஒடுக்க 2000-ல் 'கொலம்பியா திட்டம்' தொடங்கியது. 2016 வரை அமெரிக்கா இதற்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் கொடுத்தது. ஹெலிகாப்டர், ராணுவப் பயிற்சி, போலீஸ் பயிற்சி, நீதிமன்றச் சீர்திருத்தம் என்று பல வகையில் அது செலவானது. பணம் சரியாகப் போகிறதா, வேலை நடக்கிறதா என்று பார்ப்பது தூதரகத்தின் பொறுப்பு.

காட்டில் சிக்கியவர்கள்

2003 பிப்ரவரியில் கோகா வயல்களை வேவு பார்க்கப் பறந்த ஒரு சிறு விமானம் காட்டில் விழுந்தது. அதில் இருந்த ஓர் அமெரிக்கரையும் ஒரு கொலம்பியரையும் கிளர்ச்சிப் படையினர் கொன்றார்கள். மற்ற 3 அமெரிக்கர்களைப் பிடித்துச் சென்றார்கள். அந்த மூவரும் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் காட்டில் கைதிகளாகக் கிடந்தார்கள். கொலம்பியாவில் அதிபர் தேர்தலுக்கு நின்ற இங்கிரிட் பெத்தான்கூர் என்ற பெண்மணியும் அப்படியே. அவரை 2002-லேயே பிடித்துப் போயிருந்தார்கள்.

2008 ஜூலை 2 அன்று கொலம்பிய ராணுவம் ஒரு தந்திரம் செய்தது. தொண்டு நிறுவனத்தாரைப்போல வேடமிட்டு ஹெலிகாப்டரில் போய் இறங்கியது. கைதிகளை வேறோர் இடத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னது. காவலர்கள் நம்பிக் கைதிகளை ஏற்றிவிட்டார்கள். வானில் ஏறிய பிறகுதான் கைதிகளுக்கு உண்மை தெரிந்தது. ஒரு குண்டுகூடச் சுடாமல் 15 பேர் மீட்கப்பட்டார்கள். திட்டம் போட்டது கொலம்பிய ராணுவம். அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. தன் நாட்டார் மூவர் உயிர் அதில் இருந்தும், வேலையைக் கொலம்பியர் கையில் விட்டுவிட்டுக் காத்திருந்தது. நம்பிக்கை இல்லாவிட்டால் இது நடக்காது. அந்த நம்பிக்கையை வளர்ப்பதுதான் தூதரகத்தின் அன்றாட வேலை. அது செய்தித்தாளில் வராது.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்று நடந்தது. தனியார் ஆயுதக் குழுக்களின் தலைவர்கள் 14 பேரைக் கொலம்பிய அரசு விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே அவர்கள்மீது போதைக் கடத்தல் வழக்கு. இப்படிக் குற்றவாளியை வழக்குள்ள நாட்டிடம் கொடுப்பதற்கு 'ஒப்படைத்தல்' என்று பெயர்.

நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கொலம்பியாவில் பல தாய்மார்கள் அழுதார்கள். இந்தத் தலைவர்களின் ஆட்கள் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தார்கள். பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். அமெரிக்க நீதிமன்றம் கேட்டது கோகெய்ன் கணக்கை. பிணங்களின் கணக்கை யார் கேட்பது? இந்தக் குறையில் நியாயம் இருந்தது. அந்த 14 பேரில் ஒருவரான சால்வதோரே மன்குசோ 2024 பிப்ரவரியில்தான் கொலம்பியாவுக்குத் திரும்பினார். அதற்குள் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன.

வானத்திலிருந்து மருந்து

கொலம்பியா திட்டத்தில் மிகவும் சண்டைக்கு இடமான பகுதி, விமானத்திலிருந்து மருந்து தெளித்தது. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைக் கோகா வயல்கள்மீது தெளித்தார்கள். நம் நாட்டு விவசாயிகளுக்கும் தெரிந்த மருந்துதான். கீழே இருந்து கைப் பம்பில் அடிக்கும்போதே காற்று வீசினால் பக்கத்து வயலில் படும். வானத்திலிருந்து அடித்தால் எப்படி இருக்கும்? மருந்துக்குக் கோகா என்றும் வாழை என்றும் தெரியாது. பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போட்ட பயிரும் கருகியது என்று விவசாயிகள் முறையிட்டார்கள்.

எல்லைக்கு அப்பால் ஈக்வடார் நாடு இருக்கிறது. மருந்து காற்றில் வந்து தன் மக்களையும் பயிரையும் பாதித்தது என்று 2008-ல் ஈக்வடார் உலக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2013-ல் இரண்டு நாடுகளும் சமாதானமாகப் போயின. கொலம்பியா 1 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. எல்லை ஓரம் தெளிப்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கிளைபோசேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் விமானத் தெளிப்பை நிறுத்தக் கொலம்பியா முடிவு செய்தது. அமெரிக்க அரசு தெளிப்பை நெடுநாள் ஆதரித்து வந்தது. ஆனால் வயல் கொலம்பியாவினுடையது. முடிவும் அவர்களுடையது.

இவ்வளவு செய்து கோகா குறைந்ததா? ஐ.நா. சபையின் கணக்கு இருக்கிறது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். 2000-ல் கொலம்பியாவில் சுமார் 1,63,000 ஹெக்டேரில் கோகா இருந்தது. 2013-ல் அது 48,000 ஹெக்டேராகக் குறைந்தது. பெரிய வெற்றி என்று பேசினார்கள். 2017-ல் மறுபடி 1,71,000 ஆனது. 2023-ல் 2,53,000 ஹெக்டேர்.

தெளிப்பை நிறுத்தியதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் நிறுத்துவதற்கு முந்தைய ஆண்டிலேயே கோகா ஏறத் தொடங்கிவிட்டது. 2016-ல் அரசுக்கும் பார்க் படைக்கும் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. செடியைப் பிடுங்குகிற குடும்பத்துக்கு உதவிப் பணம் தருவதாக அதில் சொல்லியிருந்தது. ஏறத்தாழ 99,000 குடும்பங்கள் பதிவு செய்தன. பலர் செடியைப் பிடுங்கியும் விட்டார்கள். பணம் தாமதமாக வந்தது. மாற்றுத் தொழிலுக்கான உதவி அதைவிடத் தாமதமாக வந்தது. சாலை பல இடங்களில் வரவே இல்லை. சாலை போடாமல் செடியை மட்டும் பிடுங்கச் சொன்னால் விவசாயி என்ன செய்வார்?

ஊருக்கு உபதேசம்

2011-ல் பிரவுன்பீல்டு வாஷிங்டன் நகருக்குத் திரும்பி அந்தப் பிரிவின் தலைவரானார். இப்போது ஒரு நாடு அல்ல, உலகமே அவர் வேலைக்களம்.

அந்தப் பிரிவு ஆண்டுதோறும் ஒரு பெரிய அறிக்கை எழுதுகிறது. எந்த நாட்டில் போதைப் பொருள் விளைகிறது, எந்த நாட்டின் வழியாகப் போகிறது என்று அதில் இருக்கும். போதைப் பொருள் மிகுதியாக விளையும் அல்லது கடந்து போகும் நாடுகளின் பட்டியல் ஒன்றையும் அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் வெளியிடுவார். இந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயரும் பல ஆண்டுகளாக உண்டு. பட்டியலில் இருந்தாலே அரசு ஒத்துழைக்கவில்லை என்று பொருள் அல்ல. நாடு இருக்கும் இடமும், அங்கு விளையும் பொருளும், நடக்கும் வேதிப்பொருள் வியாபாரமும் காரணமாகப் பெயர் சேரும். ஆனாலும் பல நாடுகளுக்குக் கோபம் வருவது இயல்பு. போதைப் பொருளை அதிகம் வாங்குகிற நாடே மற்ற நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறதே என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான்.

உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மூன்று இருக்கின்றன. அவை 1961, 1971, 1988 ஆண்டுகளில் ஏற்பட்டவை. இந்தியாவும் மூன்றையும் ஏற்றுள்ளது. போதைப் பொருளை மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது இவற்றின் சாரம். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்று இவை சொல்லவில்லை. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுகிறார்கள். நீமச், காஜிப்பூர் ஊர்களில் அரசு ஆலைகள் இருக்கின்றன. புற்றுநோயாளியின் வலியைக் குறைக்கும் மார்பின் மருந்து அபினியிலிருந்துதான் வருகிறது.

பிரவுன்பீல்டுக்குத் தர்மசங்கடம் வந்தது தன் சொந்த நாட்டினால். 2012 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய இரு மாநில மக்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க ஓட்டுப் போட்டார்கள். நாட்டின் மத்திய சட்டமோ கஞ்சாவைத் தடை செய்திருந்தது. "எங்களை ஒப்பந்தப்படி நடக்கச் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?" என்று மற்ற நாடுகள் கேட்டன.

2014 அக்டோபரில் அவர் நியூயார்க்கில் பத்திரிகையாளர்களிடம் இதற்குப் பதில் சொன்னார். ஒப்பந்தங்களை மதிக்க வேண்டும் என்றார். ஆனால் காலத்துக்கு ஏற்ப அவற்றுக்குப் பொருள் கொள்வதில் இடம் கொடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு நாடும் வேறு வேறு வழியில் போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், கடத்தல் கும்பலை எதிர்ப்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். இதைச் சிலர் பாராட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சிலர் சிரித்தார்கள். கையில் இருந்ததை வைத்து ஒரு தூதர் செய்துகொண்ட சமாளிப்பு அது. ஆனாலும், மற்ற நாடுகளைக் கண்டித்தே பழகிய அமெரிக்கா அப்போது சற்று இறங்கி வந்து பேசியது.

உப்புக்கல் அளவு

அந்த ஆண்டுகளில் வேறொரு நஞ்சு பரவியது. அதன் பெயர் பென்டனில். இதற்குச் செடி வேண்டாம், வயல் வேண்டாம், மழை வேண்டாம். ஆலையில் வேதிப்பொருள்களைக் கலந்து செய்வது. ஆஸ்பத்திரியில் கடும் வலிக்குக் கொடுக்கும் நல்ல மருந்துதான். மார்பினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வலிமை உள்ளது. அளவு தெரியாமல் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சில உப்புக்கல் அளவே ஆளைக் கொல்லப் போதும். இதன் தம்பி ஒன்று உண்டு. பெயர் கார்பென்டனில். யானையை மயக்கப் பயன்படும் மருந்து அது. அதையும் கலந்து விற்றார்கள்.

இதற்கு மேலே விமானம் பறக்க விட்டுப் பயன் இல்லை. செய்யத் தேவையான வேதிப்பொருள் கைக்குக் கிடைக்காமல் தடுக்க வேண்டும். அந்தப் பொருளும் செய்து முடித்த தூளும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தன. சீனாவில் சட்டப்படி தடை இல்லாத பொருளுக்குச் சீனப் போலீஸ் யாரையும் பிடிக்காது. எனவே பேச்சுதான் வழி.

2016 அக்டோபரில் அமெரிக்கா ஐ.நா. சபையிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தது. பென்டனில் செய்ய உதவும் 2 வேதிப்பொருள்களை உலகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஐ.நா.வின் போதைப் பொருள் ஆணையம் கூடுகிறது. அதில் 53 உறுப்பு நாடுகள். 2017 மார்ச்சில் ஆணையம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டது. ஒரு பொருள் பட்டியலில் ஏறினால் அதை வாங்குபவர் யார், எதற்கு என்று நாடுகள் விசாரித்து அனுப்ப வேண்டும். அதே மார்ச் முதல் தேதி கார்பென்டனிலையும் அதன் வகையில் மூன்றையும் சீனா தன் நாட்டில் தடை செய்தது.

பிரவுன்பீல்டு 2017 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். பிரச்சினை ஓய்வு பெறவில்லை. 2019 மே மாதம் பென்டனில் வகை முழுவதையும் சீனா கட்டுப்பாட்டில் கொண்டு வந்தது. கடத்தல்காரர்கள் செய்முறையை மெக்சிகோவுக்கு மாற்றினார்கள். சேர்க்கும் வேதிப்பொருளையும் மாற்றினார்கள். நம் நாட்டிலும் அதன் நிழல் விழுந்தது. 2018 செப்டம்பரில் மத்திய வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் இந்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஏறத்தாழ 9 கிலோ பென்டனில் பிடித்தார்கள். கைதானவர்களில் ஒருவர் மெக்சிகோ நாட்டவர். அமெரிக்காவில் 2021-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் போதைப் பொருள் அளவு மீறி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது பென்டனில் வகையால்.

2022 மார்ச்சில் வியன்னாவில் ஆணையம் மறுபடி கூடியது. மேலும் 3 வேதிப்பொருள்கள் பட்டியலில் ஏறின. அப்போதும் விண்ணப்பம் கொடுத்தது அமெரிக்காதான். பேசியவர்கள் வேறு தூதர்கள்.